கானுக்குள் கிடக்கும் குழாய்

களனி கங்கை பெருகி வடியும் ஒவ்வொரு முறையும் வடகொழும்புச் சுவர்களில் ஒரு வாசகம் தவறாமல் தோன்றும்: "கொதித்தாறிய நீரையே பருகுங்கள்." பள்ளிக்கூட வாயிற்கதவில் ஒட்டுவார்கள், கோவில் மதிலில் ஒட்டுவார்கள், கிராம உத்தியோகத்தரின் அலுவலகக் கதவிலும் மருந்துக்கடைக் கண்ணாடியிலும் ஒட்டுவார்கள். ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கரவண்டி ஒன்று அதையே சிங்களத்திலும் தமிழிலும் சொல்லிக்கொண்டு சந்து சந்தாகப் போகும். 2016 மே மாத வெள்ளத்தின்போதும் இதைத்தான் கேட்டோம். 2025 நவெம்பர் இறுதியில் டிட்வா புயலோடு வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகும் இதையே கேட்டோம். அறிவுரையில் பிழை எதுவும் இல்லை. நன்றாகக் கொதித்த நீரில் நெருப்புக்காய்ச்சல் கிருமி பிழைக்காது. செங்கமாரியைக் கொண்டுவரும் வைரசும் பிழைக்காது. வயிற்றோட்டமும் பெருமளவு குறையும். பிள்ளைகளுக்கு நானும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன், இனியும் சொல்வேன். ஆனாலும் அந்த வாசகம் கண்ணில் படும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. எழுதிப் பார்த்தால்தான் அந்தக் கோபத்துக்குக் காரணம் எனக்கே தெளிவாகும் போலிருந்தது.

கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் நான் ஆசிரியை. என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் கிராண்ட்பாஸ், மட்டக்குளி, முகத்துவாரம், புளூமெண்டல் பக்கத்துத் தோட்டங்களில், அதாவது ஒடுங்கிய சந்துகளில் நெருங்கிக் கிடக்கும் குடியிருப்புகளில் இருந்து வருகிறவர்கள். மீதிப்பேர் அதே வீதிகளின் முன்பக்கத்தில் எழுந்து நிற்கும் மாடிவீடுகளிலும் கடைகளுக்கு மேலேயும் இருப்பவர்கள். ஒரே வட்டாரம், ஒரே வீதிகள். இரண்டு வகைப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படிக்கிறார்கள். ஒரு தவணையில் தோட்டத்துப் பக்கத்து வாங்குகள் மட்டும் ஒவ்வொன்றாக வெறுமையாகத் தொடங்கின. முதலில் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார்கள், பிறகு வாந்தி என்றார்கள், பிறகு ஒரு தாய் வந்து, "டீச்சர், பிள்ளையின் கண் மஞ்சளாக இருக்கிறது, செங்கமாரியாம்" என்றாள்.

அடுத்து நடந்த பெற்றோர் கூட்டத்தில் மாடிவீட்டுத் தகப்பன் ஒருவர் எழுந்தார். நல்ல மனிதர்தான், பாடசாலை விழாக்களுக்கு முன்னின்று உதவுபவர். "கொதித்தாறிய நீர் குடிக்கச் சொல்லி எத்தனை தரம் சொல்லியாயிற்று? அவர்கள் கேட்பதில்லை. எங்கள் பிள்ளைகளும் ஒரே குழாய்த் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் இல்லையே" என்றார். பின்வரிசையில் இருந்த தாய்மார் யாரும் பதில் சொல்லவில்லை. அவருடைய பேச்சின் முதற்பாதியை நான் பலதரம் கேட்டிருக்கிறேன். இரண்டாம் பாதிதான் என்னை விடவில்லை. ஒரே குழாய், ஒரே நீர், ஒரே வீதி. ஏன் ஒரு பக்கத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் கண் மஞ்சளாகிறது? சுத்தம் என்ற ஒரு சொல்லால் அதற்கு விடை கிடைத்துவிடுமா?

ஒரு சமையலறை

கண் மஞ்சளான அந்தப் பையனின் வீட்டுக்குப் போனேன். இடியப்பம் அவித்து விற்கும் தாய். தோட்டத்துச் சந்தின் கடைசி வீடு. பின்சுவர் ஒரு களஞ்சியத்தின் மதில். சமையலறை என்பது அடுப்பு வைத்த ஒரு மூலை. அந்த மூலையை நான் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். ஒரு மேசையின் மேல் ஒற்றை அடுப்பு. அதன் பக்கத்தில் மூடியோடு இரண்டு அலுமினியப் பானைகள். ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. சிவப்பு நூல் கட்டியது கொதித்த நீர், கட்டாதது கொதிக்காதது. அள்ளுவதற்கு நீண்ட பிடியுள்ள அகப்பை தனியாகத் தொங்கியது. கோப்பையைப் பானைக்குள் விடக்கூடாது என்று பிள்ளைகளுக்குக் கட்டளை. மேசைக்குக் கீழே வாளிகள், ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைத் துணி. சுவரில் ஆணி அடித்து, சவர்க்காரத் துண்டை வலைப்பையில் போட்டுத் தொங்கவிட்டிருந்தாள், மலசலகூடத்தில் இருந்து வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி. அந்த மலசலகூடம் பொதுவானது. சந்தின் நடுவில் இருக்கிறது. பல குடும்பங்களுக்கு அது ஒன்றுதான். இவ்வளவு நெருக்கத்தில் இவ்வளவு ஒழுங்கை என் வீட்டில் நான் கடைப்பிடிக்கத் தேவையே வந்ததில்லை, ஏனென்றால் என் வீட்டில் கைகழுவும் குழாய் மூன்றடி தூரத்தில் இருக்கிறது.

பையனுக்குக் கீழ்க்காய்நெல்லிச் சாறு கொடுத்திருந்தாள், உப்பும் எண்ணெயும் நிறுத்தியிருந்தாள். தங்கைக்குக் கொஞ்ச நாள் முன்பு வயிற்றோட்டம் வந்தபோது ஜீவனி என்ற உப்புச்சர்க்கரைத் தூள் பக்கெட்டைக் கரைத்துக் கொடுத்தாளாம். எப்படிக் கரைத்தாய் என்று கேட்டதற்கு, ஒரு லீற்றர் போத்தலில் கோடு போட்டு வைத்திருப்பதை எடுத்துக் காட்டினாள். ஒரு பக்கெட்டுக்கு ஒரு லீற்றர், கூடவும் கூடாது குறையவும் கூடாது, ஒரு நாளுக்கு மேல் வைக்கக்கூடாது. 1971இல் வங்கதேச அகதிகள் எல்லை கடந்து வந்து வாந்திபேதியில் மடிந்துகொண்டிருந்தபோது, திலீப் மகலநாபிஸ் என்ற வங்காள மருத்துவர் பொன்காவ் முகாமில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். அந்த அறிவு உலகத்தைச் சுற்றி வந்து, கிராண்ட்பாஸில் ஒரு பிளாஸ்டிக் போத்தலில் கறுப்பு மையால் போட்ட கோடாக இருந்தது. இவளைத்தான் கூட்டத்தில் "சொன்னால் கேட்பதில்லை" என்றார்கள்.

"எப்போதும் கொதிக்க வைப்பாயா, தங்கச்சி?" என்று கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை. "காஸ் இருக்கும்போது எல்லாருக்கும் கொதிக்க வைப்பேன், டீச்சர். குறையும்போது சின்னவளுக்கு மட்டும். முடியும்போது யாருக்கும் இல்லை."

எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். கொழும்பின் குழாய்த் தண்ணீரை ஒரு லீற்றர் எடுத்துச் சாதாரண அடுப்பில் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 14 கிராம் எரிவாயு வேண்டும். ஐந்துபேர் உள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்குப் பத்து லீற்றர் என்று வைத்தால் மாதத்துக்கு நான்கு கிலோவுக்கு மேல். அதாவது 12.5 கிலோ சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு, சோறும் கறியும் ஆக்குவதற்கு முன்பே, நீருக்காக மட்டும். 2021 ஒக்டோபர் தொடக்கம் வரை 1,500 ரூபாவுக்குள் இருந்த அந்தச் சிலிண்டர், 2022 ஏப்ரல் இறுதியில் 4,860 ரூபாவுக்கு ஏறியது; அந்த விலை கொடுக்கக் காசிருந்தாலும் சிலிண்டர் கிடைக்காமல், வெற்றுச் சிலிண்டர்களை வீதியில் சங்கிலி போட்டு வரிசையில் வைத்துக் காத்திருந்தோம். மண்ணெண்ணெய்க்கு மாறியவர்களுக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் அடுத்த அடி விழுந்தது: லீற்றர் 87 ரூபாவில் இருந்து ஒரே நாளில் 340 ரூபா. அந்த மாதங்களிலும் சுவரில் வாசகம் மாறவில்லை.

இந்த இடத்தில் பயனுள்ள செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் கொதிக்க வேண்டும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தேவையில்லை. நீர் முழுவதும் குமிழிவிட்டுத் தளதளவென்று கொதித்தால் போதும், பிறகு மூடி, தானாக ஆறவிட வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்வது. கூடுதலாக எரியும் ஒவ்வொரு நிமிடமும் வீணாகும் எரிவாயு. சுவரொட்டிகளில் இந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தால் ஏழை வீடுகளுக்கு எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

இளஞ்சிவப்பு

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்த நாளன்று நானும் அங்கே இருந்தேன். இளைஞர், சிங்களவர், தமிழ் கொஞ்சம் தட்டுத்தடுமாறிப் பேசுவார், ஆனால் நன்றாகக் காது கொடுத்துக் கேட்பார். பையனின் தாயை "அக்கா" என்று அழைத்து, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். செங்கமாரி விசாரணையில் இருக்கும் பெரிய சிக்கல் காலம். ஹெபடைடிஸ் ஏ வைரஸ் உடலுக்குள் போய் நோயாக வெளிப்பட இரண்டு வாரத்தில் இருந்து ஏழு வாரம் வரை ஆகலாம். சராசரியாக நான்கு வாரம். கண் மஞ்சளாகும் நாளில் குழாயைச் சோதித்தால், குற்றவாளியான நீர் கடலுக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருக்கும். அதனால் அவர்கள் கேட்கும் கேள்வி ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: ஒரு மாதத்துக்கு முன் பிள்ளை எங்கே போனான், என்ன சாப்பிட்டான், என்ன குடித்தான்? திருவிழாவா, சர்பத்தா, ஐஸ் பழமா?

அவள் யோசித்தாள். பிறகு, "திருவிழா ஒன்றும் இல்லை, மாத்தையா. அது நீர்வெட்டு வந்த வாரம்" என்றாள்.

அவருடைய பேனா நின்றது. எவ்வளவு நேரம் வெட்டினார்கள், திரும்ப வந்த நீர் எந்த நிறத்தில் இருந்தது, முதலில் வந்ததை என்ன செய்தீர்கள் என்று கேட்கத் தொடங்கினார். நீர் நின்றது ஒரு பகலும் ஓர் இரவும். திரும்பி வந்தபோது விடியற்காலை. முதலில் காற்று சீறியது, பிறகு துருநிறத்தில் கொஞ்சம், பிறகு தெளிந்துவிட்டது. தெளிந்ததும் எல்லா வீட்டாரும் வாளிகளோடு ஓடி வந்து பிடித்தார்கள். ஒரு நாள் முழுக்க வறண்டு கிடந்த வீடுகள், யார் காத்திருப்பார்கள்? பிள்ளைகள் குழாயடியிலேயே கையேந்திக் குடித்தார்கள்.

அவர் எழுந்து வெளியே போனார். நாங்களும் பின்னால் போனோம். சந்தின் வாயிலில், வீதியோரத்தில் இருக்கும் பொதுக்குழாயில் முதலில் நீரை ஓடவிட்டு, ஒரு சிறு கண்ணாடிக் குழலில் பிடித்து, வெள்ளை வில்லை ஒன்றைப் போட்டு மூடிக் குலுக்கினார். நீர் மெல்ல இளஞ்சிவப்பாக மாறியது. அந்த நிறம் நல்ல சேதி: நீரில் குளோரின் எஞ்சியிருக்கிறது, வழியில் ஏதாவது கிருமி நுழைந்தால் எதிர்த்து நிற்க அதில் இன்னும் காவல் இருக்கிறது. பிறகு சந்துக்குள் நடந்து, நடுவில் உள்ள குழாயில் மறுபடியும் பிடித்தார். இளஞ்சிவப்பு வந்தது, ஆனால் வெளிறியிருந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்துத்தான் கண்டுகொண்டோம். கடைசி வீட்டுக் குழாயில், இடியப்பக்காரியின் வாசற்குழாயில், வில்லையைப் போட்டுக் குலுக்கினார். காத்திருந்தோம். நிறம் வரவில்லை. நீர் வந்தபடியே, கண்ணாடிபோல் தெளிந்து நின்றது. சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி, "நிறம் மாறவில்லை, அப்படியென்றால் நல்லதுதானே?" என்று கேட்டாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

முதல் குழாய்க்கும் கடைசிக் குழாய்க்கும் இடையில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்க வைத்தார். சந்தின் ஓரமாக ஓடுகிறது கான், கழிவுநீர் ஓடும் வாய்க்கால். மலசலகூடத்துக் கழிவுத்தொட்டி நிரம்பும்போது அதுவும் அந்தக் கானுக்குத்தான் வருகிறது. சந்து மிகவும் ஒடுக்கம். குழாயைப் புதைக்க வேறு இடமில்லாததால், எப்போதோ யாரோ குடிநீர்க் குழாயைக் கானுக்குள்ளேயே கிடத்திவிட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இணைப்புக் கொடுத்த இடங்களில் பழைய இரப்பர் பட்டையும் துணியும் சுற்றியிருந்தது. ஒரு மூட்டில் இருந்து நீர் சொட்டிக் கானுக்குள் விழுந்துகொண்டிருந்தது. "வெளியே சொட்டுகிறது, அது பிரச்சினை இல்லை" என்றார் அவர். "குழாயில் அமுக்கம் இருக்கும்வரை வெளியேதான் சொட்டும். நீர்வெட்டு வந்தால் உள்ளே அமுக்கம் இல்லை. அப்போது இந்தக் கான் நீர் எந்தப் பக்கம் போகும்?"

யாரும் எதுவும் பேசவில்லை. அந்தத் தாய்தான் கடைசியில் கேட்டாள்: "அப்படியானால் நான் பிழையாக ஒன்றும் செய்யவில்லையா, மாத்தையா?" அவர் சிங்களத்தில் ஏதோ சொல்லத் தொடங்கி, நிறுத்தி, தமிழில், "இல்லை, அக்கா" என்றார். அதற்குமேல் தன் வேலையின் எல்லையையும் சொன்னார். இந்தக் குழாயால்தான் இந்த நோய் வந்தது என்று இப்போது உறுதியாக எழுத முடியாது, மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினார். மலக்கிருமி இருப்பதாக முடிவு வந்தது.

கடைசி முந்நூறு அடி

அன்றிலிருந்து கொழும்பின் நீரைப் பற்றி நான் வேறு விதமாக யோசிக்கிறேன். 1880களில் லபுகம நீர்த்தேக்கத்தில் இருந்து இந்த நகரத்துக்குக் குழாய் இழுத்தார்கள். பிறகு கலட்டுவாவ நீர்த்தேக்கம் வந்தது. பிறகு களனி கங்கையின் அம்பத்தலையில் பெரிய சுத்திகரிப்பு நிலையம் வந்தது. வறட்சிக் காலத்தில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி அம்பத்தலை வரை வராமல் இருக்க ஆற்றில் அணை போட்டுக் காக்கிறார்கள். ஆற்று நீரில் படிகாரம் கலந்து அழுக்கைத் திரளவைத்து, மணலில் வடித்து, குளோரின் சேர்த்து அனுப்புகிறார்கள். இத்தனை அறிவும் உழைப்பும் பணமும் சேர்ந்து கிராண்ட்பாஸ் சந்தின் வாயில் வரைக்கும் நல்ல நீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. நான் கண்ணால் பார்த்தேன், அங்கே நிறம் இளஞ்சிவப்பு. மீதியிருப்பது முந்நூறு அடி. அந்த முந்நூறு அடியில் எல்லாம் வீணாகிறது.

கொழும்பு நகருக்குள் அனுப்பப்படும் நீரில் ஏறக்குறைய பாதி கணக்கில் வராமல் போகிறது என்று நெடுங்காலம் பேசப்பட்டது. பழைய குழாய்களை மாற்றும் பெருந்திட்டங்கள் அதற்காகவே வந்தன. அதை எப்போதும் பண இழப்பாகவே பேசினார்கள்: இவ்வளவு நீர் வீணாயிற்று, இவ்வளவு கட்டணம் வசூலாகவில்லை. ஒழுகும் வழி நுழையும் வழியும்தான் என்பதைப் பேசியவர்கள் குறைவு. அமுக்கம் விழுவதற்கு அறிவித்துச் செய்யும் நீர்வெட்டு மட்டுமே காரணமும் இல்லை. முன்வீதி மாடிவீடுகள் சிலவற்றில் பிரதான குழாயோடு நேரடியாக மோட்டார் பூட்டி இழுக்கிறார்கள். அனுமதியில்லாத செயல். இரவில் அந்த மோட்டார் ஓடும்போது பின்சந்துக் குழாயில் நீர் நின்று, உறிஞ்சும் சத்தம் கேட்கும் என்று பெண்கள் சொன்னார்கள். அதே வீதியின் கழிவுநீர்க் குழாய்களோ ஆங்கிலேயர் காலத்தவை, நூறு வயது தாண்டியவை, சிறிய நகரத்துக்காகப் போடப்பட்டவை. நல்ல நீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் கானும் ஒரே ஒடுக்கத்தில் நெருங்கிக் கிடக்கும் நகரம் இது.

கூட்டத்தில் பேசிய அந்தத் தகப்பனின் கேள்விக்கும் எனக்கு இங்கேதான் விடை கிடைத்தது. அவர் சொன்னது உண்மை, ஒரே குழாய்தான். ஆனால் அவருடைய வீட்டுக்கு நிலத்துக்குக் கீழே ஒரு தாங்கி, கூரையில் ஒரு தாங்கி. நீர் வெட்டிய பகலிலும் இரவிலும் அவர் வீட்டுக் குழாயில் நீர் வந்துகொண்டே இருந்தது. வெட்டியது அவர்களுக்குத் தெரிந்திருக்கவும் வழியில்லை. அமுக்கம் திரும்பும்போது குழாயில் வரும் முதல் நீர், அந்த மிக மோசமான முதல் வாளிகள், தாங்கி இல்லாத வீடுகளுக்குத்தான் போகின்றன. காத்திருந்து, தாகித்து, வாளியோடு நிற்பவர்களுக்கு. முதல் நீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள் என்ற அறிவுரை நல்லதுதான், ஆனால் ஒரே குழாய்க்கு முப்பது வாளிகள் வரிசையில் நிற்கும்போது யாருடைய முறையை ஓடவிடுவது? சுத்தத்தைக் கொண்டு இந்த இரண்டு வீடுகளையும் ஒப்பிடுவது அநியாயம். ஒரு வீட்டில் ஆயிரம் லீற்றர் தாங்கி இருக்கிறது, மற்ற வீட்டில் சிவப்பு நூல் கட்டிய பானை இருக்கிறது.

வெள்ளத்தோடு வரும் நோய்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வாசகம் போதும் என்று நினைப்பதும் எனக்குக் கவலை தருகிறது. எலிக்காய்ச்சல் குடிநீரைவிடக் கால்வழியாகத்தான் பெரிதும் வருகிறது. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் நிற்கும்போது பாதத்தின் வெடிப்பு, சிராய்ப்பு வழியாக நுழைகிறது. 2008இல் இந்த நாட்டில் 7,000க்கும் மேற்பட்டோருக்கு எலிக்காய்ச்சல் பதிவானது. 2024 டிசெம்பரில் மழைவெள்ளத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைக் கொண்டுபோனது. வெள்ளம் வடிந்ததும் வீட்டைக் கழுவ வெறுங்காலோடு சேற்றில் இறங்குபவரைக் கொதித்தாறிய நீர் காப்பாற்றாது. அவருக்கு வேண்டியது காலணியும், சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் ஆலோசனை பெற்று எடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரையும், காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்ற எச்சரிக்கையும். டெங்குக்குப் பூச்சாடியைக் கவிழ்க்கச் சொல்கிறோம், செங்கமாரிக்கு அடுப்பை மூட்டச் சொல்கிறோம். எல்லா நோய்க்கும் வீட்டுக்காரிக்கு ஒரு வேலை இருக்கிறது. குழாய்க்குப் பொறுப்பானவர்களுக்கு என்ன வேலை என்று சொல்லும் சுவரொட்டி ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

பதிவேட்டில் வராதவர்கள்

இன்னொன்று. 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச்சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி, வயிற்றுளைவு, எலிக்காய்ச்சல் எல்லாம் அறிவிக்க வேண்டிய நோய்கள். மருத்துவர் படிவத்தை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப, அவர் பரிசோதகரை வீட்டுக்கு அனுப்புகிறார். இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். அந்த இளைஞர் வாசலுக்கு வந்தது அதனால்தான். ஆனால் அந்தச் சந்தில் கண் மஞ்சளான பிள்ளைகளில் அரசாங்க மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவன் அந்த ஒருவன்தான். ஒருத்தியை நாட்டு வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். ஒருவனைச் சந்திமுனை மருந்துக்கடையோடு முடித்துக்கொண்டார்கள். வேறொரு தாய் நாட்கூலி போய்விடும் என்று எங்கும் போகவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு இந்த வைரஸ் தொற்றினால் பெரும்பாலும் கண் மஞ்சளாவதும் இல்லை. இரண்டு நாள் சோர்ந்து கிடந்து எழும்பிவிடுவார்கள், பரப்புவது மட்டும் நடக்கும். காகிதத்தில் அந்தச் சந்தில் ஒரு நோயாளி. என் வகுப்பு வரவுப் பதிவேட்டில் வெறுமையான இரண்டு வாங்கு.

அதனால் பதிவேட்டைப் பயன்படுத்தத் தொடங்கினேன். பிள்ளை வராத நாளுக்குக் காரணம் எழுதும் இடத்தில் "சுகயீனம்" என்று மட்டும் எழுதாமல், என்ன சுகயீனம், எந்தச் சந்து என்பதையும் எழுதினேன். மற்ற வகுப்பாசிரியர்களும் சேர்ந்துகொண்டார்கள். பெயர்களை விட்டுவிட்டு, சந்து, திகதி, நோய்க்குறி மட்டும் கொண்ட ஒரு தாளைத் தவணைதோறும் பரிசோதகருக்குக் கொடுக்கிறோம். அதே தாளில் நீர்வெட்டு வந்த திகதிகளையும் சிவப்பில் குறிக்கும்படி அவர்தான் சொன்னார். சிவப்புக் கோட்டுக்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் வயிற்றோட்டம் கூடுகிற இடங்கள் எவை என்று இப்போது ஒரு பார்வையில் தெரிகிறது. அவை எல்லாம் சந்துகளின் வால்முனைகள்.

பரிசோதனை முடிவையும் கான் குழாயின் புகைப்படத்தையும் இணைத்துத் தாய்மார் ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். பொறுப்பான அலுவலகம் அதை இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பியது. அது திரும்பி வந்தது. குடிநீர்க் குழாய் ஒருவருடையது, கான் இன்னொருவருடையது, நிலம் மூன்றாம் தரப்பினருடையது. தோட்டத்து வீடுகளுக்கு உறுதிப்பத்திரமே இல்லை. நான் அந்த அலுவலகங்களின் வாங்குகளில் இருந்து கேட்ட விளக்கங்களை இங்கே எழுதி உங்களைச் சலிப்படையச் செய்ய விரும்பவில்லை. கடைசியில் பாதிச் சந்துக்கு வேலை நடந்தது. சுவரில் பிடிகள் அடித்து, புதிய பி.வி.சி. குழாயைக் கானுக்கு மேலே முழங்கால் உயரத்தில் ஏற்றிவிட்டார்கள். செலவு பெரிதில்லை, ஒரு நாள் வேலை. இப்போது நடுக்குழாயில் நிறம் தெளிவாக வருகிறது. மறுபாதி, களஞ்சிய மதிலோரம் போகும் பகுதி, மதிலில் ஆணி அடிக்கச் சொந்தக்காரர் சம்மதம் தரும்வரை கானுக்குள்ளேயே கிடக்கிறது. இடியப்பக்காரியின் வீடு அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. பையன் தேறி வந்துவிட்டான். இப்போது வகுப்பில் கணிதத்தில் முன்னால் நிற்கிறான்.

இப்போது நாங்கள் கேட்பது இரண்டே விடயம். நீர்வெட்டு அறிவித்தலில் எத்தனை மணிக்கு நிற்கும், எத்தனை மணிக்கு வரும் என்று இரண்டு வரி இருக்கிறது. தாங்கி இல்லாத தோட்டங்களுக்கு அந்த நேரத்தில் குடிநீர் கொண்டுவரும் பவுசர் வண்டி எந்தச் சந்தியில் நிற்கும் என்பது மூன்றாவது வரியாக வர வேண்டும். நீர் திரும்பிய பிறகு சந்தின் கடைசிக் குழாயில் அந்த வெள்ளை வில்லையைப் போட்டுப் பார்த்து, நிறம் வந்ததா இல்லையா என்பதை வாயிலில் எழுதி ஒட்ட வேண்டும். கொதிக்க வைக்கச் சொல்லும் சுவரொட்டிக்குப் பக்கத்திலேயே ஒட்டலாம். சிங்களத்திலும் தமிழிலும் கடிதம் தயாராகிவிட்டது. தாய்மார் கையொப்பமிட்டுவிட்டார்கள். கூட்டத்தில் பேசிய தகப்பனிடம் நானே கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் வாசித்தார், தன் கட்டடத்து மோட்டார் எங்கே பூட்டியிருக்கிறது என்று காவலாளியை அழைத்துக் கேட்டார், பிறகு கையொப்பமிட்டார். திங்கட்கிழமை காலையில் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். வருகிறவர்கள் ஜம்பட்டா வீதிச் சந்தியில் எட்டு மணிக்குச் சேர்ந்துகொள்ளலாம்.